ஒலிபெருக்கிக் கம்பியிலிருந்து மகளின் காதுக்கு

அந்தக் கை குமிழை நோக்கி இரண்டாம் முறை போவதைக் கண்ட பிறகும் நான் ஏன் கதிரையை விட்டு எழும்பவில்லை?

நவராத்திரி வாணி விழா முடிந்து ஐந்து மாதமாகிறது. இந்தக் கேள்விக்குப் பல பதில்களைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார், மேடைக்கு முன்னால் குறுக்கே நடப்பது மரியாதையில்லை. சேலை கட்டியிருந்தேன், வரிசை நெருக்கம், பத்துப் பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டும். இவை பொய்யில்லை. ஆனாலும் என் பிள்ளையைச் சமையலறையில் கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் கண்டால் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு இருந்திருப்பேனா?

மகளுக்கு ஆறு வயது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி போட வேண்டிய பிள்ளை. பிறந்த வைத்தியசாலையிலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து கருவியோடுதான் வளர்ந்தாள். இப்போதுள்ள சோடியின் நிறத்தை அவளே தெரிவு செய்தாள். நீலம். ‘என்ர நீலக் காது’ என்பாள். அது இல்லாமல் அவளுக்குக் கதவு அறைவது கேட்கும், நாய் குரைப்பது கேட்கும். நான் கத்தினால் சத்தம் கேட்கும், சொல் கேட்காது.

கருவியோடு இன்னொரு பொருளும் உண்டு. கழுத்தில் தொங்கவிடும் சிறிய ஒலிவாங்கி. நாங்கள் வீட்டில் அதைப் பதக்கம் என்போம். கிண்டர்கார்டன் ஆசிரியை அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசினால், அறையில் இருபது பிள்ளைகள் கூச்சலிட்டாலும் ஆசிரியையின் குரல் மட்டும் கம்பியில்லாமல் நேரே மகளின் கருவிக்குள் வந்துவிடும். காப்புறுதிக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதி, அவர்கள் மறுத்து, நான் திரும்பவும் எழுதி வாங்கிய பதக்கம் அது. அதன் அடியில் ஒரு சிறிய துளை இருக்கிறது. தொலைக்காட்சியிலிருந்தோ கணினியிலிருந்தோ ஒரு கேபிளைச் செருகினால் அந்தச் சத்தமும் நேரே அவளுக்குப் போகும்.

எல்லாக் குழப்பமும் அந்தத் துளையிலிருந்துதான் ஆரம்பித்தது.

நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் எசன் நகரில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்கே வகுப்பில் பதக்கத்தை ஆசிரியை போட்டுக்கொள்வார், பிரச்சினையில்லை. விழா என்று வந்தால்தான் பிரச்சினை. மண்டபத்தில் எதிரொலி. ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேர் பேசுவார்கள், நடுவே பாட்டு, நடனம், அறிவிப்பு. அதற்கு முந்திய வருடம் பதக்கத்தைப் பேசுகிறவர்களிடம் கைமாற்றிக் கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல் இருவரும் போட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசினார். அரைமணி நேரமாக மகளுக்குக் கேட்டது அவருடைய திறப்புக் கோர்வையில் சாவிகள் உரசும் சத்தம்.

அவள் முன்வரிசையில் இருந்து மற்றப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரித்தால் அவளும் சிரித்தாள், ஒரு கணம் பிந்தி. அந்த ஒரு கணத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் இந்த முறை நானே ஒரு வழி கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவள், யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் படிப்பித்தவளும்கூட. இங்கே வந்து எட்டு வருடத்தில் அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. இதற்காவது உதவட்டும் என்ற ஆசையும் இருந்திருக்கலாம். எல்லா மைக்கும் பாட்டும் அம்ப்ளிஃபயர் என்ற ஒரே பெட்டிக்குள்தான் போகின்றன. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் எடுத்துப் பதக்கத்தில் செருகினால் எல்லாமே மகளுக்குக் கேட்கும். விருந்தினரின் பேச்சு, தேவாரம், அவளுடைய பெயரை மேடைக்கு அழைப்பது, அவள் ஆடப்போகும் பாட்டு. எல்லாம்.

பள்ளிக்கூடத்து அம்ப்ளிஃபயர் பழையது. வெளியே சத்தம் எடுப்பதற்கென்று இருந்த துளை எப்போதோ உடைந்து, பிளாஸ்டர் ஒட்டிக் கிடந்தது. மிச்சம், இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் போகும் தடித்த கம்பிகள் மட்டும்.

அந்தக் கம்பியை நேரே பதக்கத்தில் கொடுக்க முடியாது. மண்டபத்தையே அதிரவைக்கும் பெரிய கூம்பைத் தள்ளுவதற்காக வரும் மின்சாரம் அது. பதக்கத்தின் துளை எதிர்பார்ப்பது அதில் ஒரு துளி. தோட்டத்து ஹோஸ் குழாயால் பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் பருக்குவது போலாகிவிடும். இடையில் அதைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பெட்டி தேவை. இணையத்தில் தேடியபோது அது கார்க் கடைகளில்தான் விற்கப்படுகிறது என்று தெரிந்தது. காரோடு வரும் ரேடியோவில் ஒலிபெருக்கிக் கம்பி மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து பெரிய அம்ப்ளிஃபயருக்குச் சத்தம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் இந்தப் பெட்டியைப் பூட்டுவார்களாம்.

நகரத்தின் வடக்கில் அப்படி ஒரு கடை. உள்ளே போனபோது சுவர் முழுக்க வட்டவட்டமாக ஒலிபெருக்கிகள். கடைக்காரர் என்னையும் என் தோளில் தொங்கிய பிள்ளையின் பையையும் பார்த்தார்.

“எந்தக் கார்?”

“கார் இல்லை.”

“கணவருடைய காரா?”

“எங்களிடம் காரே இல்லை. மகளுக்கு.”

“மகளுக்கு எத்தனை வயது?”

“ஆறு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நான் விளக்கியபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் ஒலிபெருக்கிக் கம்பிகள் உள்ளே, மறுபக்கம் மெல்லிய கேபிள் வெளியே. மேலே அளவு வைக்க ஒரு சிறிய திருகாணி.

“ஒரு விஷயம் மட்டும் கவனம்” என்றார். “அளவு வைக்கும்போது, நீங்கள் எப்போதாவது வைக்கக்கூடிய ஆகக்கூடிய சத்தத்தில் வைத்துவிட்டுத் திருகுங்கள். பையன்கள் எல்லாரும் பாதிச் சத்தத்தில் வைத்து அளவு பார்ப்பார்கள். பிறகு சத்தத்தைக் கூட்டுவார்கள். கர்ர் என்று கிழியும். உடனே என்னிடம் வந்து கத்துவார்கள்.”

இதை நான் கைப்பையில் வைத்திருக்கும் சிறிய குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது. ‘ஆகக்கூடிய சத்தத்தில் அளவு வைக்க வேண்டும்’. கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன்.

“கார் வாங்கேல்லை, கார்ச் சாமான் வாங்கியாச்சு” என்றார் கணவர். “அடுத்தது ஹோர்னோ?”

“பகிடி விடாதைங்கோ. இதைக் கொஞ்சம் பிடியுங்கோ.”

எங்கள் பழைய ஸ்டீரியோவில் பூட்டிப் பார்த்தோம். கருவியைக் காலையில் சோதிப்பதற்குப் பெற்றோருக்கு ஒரு ரப்பர் குழாய் தருவார்கள், வைத்தியரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி. அதன் வழியே நான் மகளின் கருவியைக் கேட்டேன். பாட்டு சுத்தமாக, தண்ணீர் மாதிரி வந்தது. மகள் போட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா, தலைக்குள்ள ஆரோ பாடினம்” என்றாள். அன்று நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்பதை நினைக்கும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சவுண்டைப் பார்ப்பவர் ஒரு அண்ணை. அறுபது தாண்டியவர். எண்பதுகளில் அகதிகள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய காலத்து மனிதர், வேலை ஒரு பேக்கரியில். சிறுபிள்ளைகள்கூட அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்ப்ளிஃபயரில் வேறு எவரும் கை வைக்க விடமாட்டார். அவரிடம் கேட்பதற்கே எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது.

“ஸ்பீக்கர் வயரிலயோ?” என்றார். “பிள்ளை, அம்ப் புகைஞ்சுதெண்டா வாணி விழாவைக் கையைத் தட்டித்தான் நடத்தோணும்.”

“புகையாது அண்ணை. இது ஒண்டையும் இழுக்காது. சும்மா எட்டிப் பாக்கிறது மாதிரித்தான்.”

“எட்டிப் பாக்கட்டும். உள்ளுக்கு வந்து குந்தக் கூடாது.”

“வராது அண்ணை.”

“சரி, உங்கட பிள்ளைக்காண்டி. வேற ஆரும் கேட்டா விடமாட்டன், கண்டியளோ.”

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் ஒத்திகை. மண்டபம் வெறுமையாக இருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகளும் நடன ஆசிரியையும் மட்டும். அடுத்த அறையில் வயதானவர்களின் உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஹவுஸ்மைஸ்டர், அந்தக் கட்டடத்தின் காவலாளி, வந்து நின்று சத்தம் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டிவிட்டுப் போனார். அண்ணை அவர் போன திசையைப் பார்த்து ஒரு சலாம் போட்டார்.

அப்போது நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். முழுச் சத்தத்தில் ஒரு நிமிடம் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதியே வைத்திருக்கிறேன். ஆனால் ஹவுஸ்மைஸ்டர் இப்போதுதான் வந்து போனார். கிழவர்கள் பக்கத்து அறையில். எங்கள் ஆட்களைப் பற்றி ஏற்கனவே முறைப்பாடு இருக்கிறது, அடுத்த வருடம் மண்டபம் தராமல் விட்டால் என்னால்தான் என்றாகும். அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

“அண்ணை, நாளைக்கு விழாவுக்கு எவ்வளவு சத்தம் வைப்பியள்?”

“இதுதான். இதைவிடக் கூட்டினா உந்த மனுசன் என்ர தலையைக் கழட்டிப்போடுவான்.”

அம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழ் நாலில் நின்றது. பத்து வரை இலக்கம் உண்டு. நான் கருவியை ரப்பர் குழாயில் கேட்டுக் கேட்டு நாலுக்கு அளவு வைத்தேன். கொஞ்சம் இடம் விடவும் செய்தேன், ஐந்து போனாலும் தாங்கும்படி. பிறகு குமிழுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டி, ‘தயவுசெய்து கூட்ட வேண்டாம்’ என்று பேனையால் எழுதினேன்.

எங்கள் விழாக்களுக்குப் போன எவருக்கும் என் பிழை இந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். தேவாரம் முடிந்த கையோடு தொடங்குவார்கள். யாருடைய மகனுக்கு ஆவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி கிடைத்தது, யார் வீடு வாங்கியது, வடை ஏன் இந்த முறை கல்லு மாதிரி. மாதக்கணக்கில் காணாதவர்கள் கண்டால் கதைக்கத்தானே செய்வார்கள், அதில் என்ன குற்றம்? அவர்கள் கதைக்க அண்ணை சத்தத்தைக் கூட்டுவார். சத்தம் கூடியதும் அவர்கள் இன்னும் உரத்துக் கதைப்பார்கள். விழா முடியும்போது குமிழ் எட்டில் நிற்கும். எட்டு வருடமாக ஒவ்வொரு விழாவிலும் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து கதைத்தவள்தான். ஆனால் அளவு வைக்கும்போது வெறும் மண்டபத்துக்கு அளவு வைத்தேன். அடுத்த நாளும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு மௌனமாக இருக்கப்போகிறார்கள் என்பது போல.

ஒலிபெருக்கிக் கம்பியிலிருந்து எடுப்பதன் பொல்லாப்பு இதுதான். அந்தத் துளை உடையாமல் இருந்திருந்தால் குமிழை எவ்வளவு திருப்பினாலும் அதில் வரும் சத்தம் மாறியிராது, அது குமிழுக்கு முன்னால் எடுப்பது. கம்பியில் எடுத்தால் குமிழோடு சேர்ந்து எல்லாம் ஏறும். பௌதிகம் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும்.

விழா நாள். விளக்கேற்றினார்கள். மகள் மயில் நீல உடுப்பில் மற்ற ஆறு சிறுமிகளோடு மேடைக்கு முன்னால் பாயில் இருந்தாள். நான் நாலாவது வரிசை நடுவில். அம்ப்ளிஃபயர் மேடையின் மறுகரையில், அண்ணையின் மேசையில். பதக்கம் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கோடு கிடந்தது.

தேவாரம் தொடங்கியதும் மகள் திரும்பி என்னைத் தேடினாள். கண்டதும் காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினாள். கேட்குது என்று.

பிறகு விருந்தினர் பேச வந்தார். ஜெர்மன் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பாணும் சீஸும், எங்கட பிள்ளை திறந்தால் முழு வகுப்பும் தும்முது என்று எதையோ சொன்னார். பெரிய பகிடியில்லை. ஆனால் மண்டபம் சிரித்தது. மகளும் சிரித்தாள். எல்லாரும் சிரித்த அதே நேரத்தில் சிரித்தாள். எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா, “என்ன பிள்ளை, உந்தப் பகிடிக்கே அழுறீர்?” என்றார்.

அந்தப் பேச்சு நீண்டது. பின்னால் கதை தொடங்கியது. வடை மணம் வந்தது.

“அண்ணை! பின்னுக்கு ஒண்டும் கேக்கேல்லை!”

“விருந்தாளி வாயைத்தான் அசைக்கிறாரோ?” என்று இன்னொரு குரல். சிரிப்பு.

அண்ணை குமிழைத் திருப்பினார். நான் கதிரையின் நுனிக்கு வந்தேன். மகளைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை, அப்படியே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்துதான், தாங்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ அண்ணை, கஞ்சத்தனம் பாக்காமல்!”

அவர் திரும்பக் கையை நீட்டினார். என் பிளாஸ்டரில் அவருடைய விரல் பட்டது. அதை அவர் வாசித்தாரா, மறந்துவிட்டாரா, தெரியாது. என் தொண்டை வரை ஒரு ‘அண்ணை’ வந்து நின்றது. விருந்தினர் கல்வியின் பெருமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மைக் கூவியது. ஒலிபெருக்கிக்கு எதிரே மைக் நின்றால், சத்தத்தைக் கூட்டும்போது கூ என்று ஒரு கூச்சல் வருமே, அது. எங்களுக்கெல்லாம் அது மண்டபத்தின் காற்றைக் கடந்து வந்தது. நாங்கள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினோம். மகளுக்கு அது கம்பி வழியாக, என் பெட்டி வழியாக, கிழிந்துபோய் நேரே காதுக்குள் போனது. அவள் கையால் பொத்தினால் கருவியைத்தான் இன்னும் உள்ளே அழுத்துவாள். அழுத்தினாள்.

பிறகு இரண்டு கருவியையும் பிய்த்து எறிந்தாள். அதன்பின்தான் அவளுடைய கத்தல் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் அவளிடம் நான் கேட்டதில்லை.

அண்ணை சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு மைக்கில், “சொறி, சொறி, மைக்குக்குக் கொஞ்சம் கோவம் வந்திட்டுது” என்றார். மண்டபம் சிரித்தது. அப்போதுதான் நான் எழும்பினேன். பத்துப் பேரின் முழங்காலையும் தாண்டினேன். அது அப்படியொன்றும் கடினமாக இருக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். விக்கி விக்கிச் சொன்னாள்: “அம்மா, காது கடிச்சுப் போட்டுது.”

கருவியைத் துடைத்துக் கொண்டு கிட்டப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். என்னுடைய கை என்றபடியால்தான் தட்டிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. பெட்டியைப் பூட்டியது நான் என்று அவளுக்குத் தெரியும், வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே.

கருவி இல்லாமலே ஆடினாள். பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்து, அரைத்தாளம் பிந்தி. முடிந்ததும் மண்டபம் அவளுக்குத்தான் கூடுதலாகக் கைதட்டியது. “காது கேளாட்டிலும் என்ன வடிவா ஆடினவ” என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நன்றி சொன்னேன்.

அடுத்த கிழமையே டெர்மின் எடுத்து, நாளும் நேரமும் குறித்து, காது வைத்தியரிடம் கொண்டு போனேன். செவிப்புலனுக்குச் சேதம் எதுவும் இல்லை என்றார். கருவி ஓர் எல்லைக்கு மேல் சத்தத்தை விடாதாம். ஆனால் உருக்குலைந்த சத்தம் அந்த எல்லைக்குள்ளும் பயங்கரமாக இருக்கும், பயந்துவிட்டாள், பொறுங்கள், நாள் எடுக்கும் என்றார். அன்று அந்த வார்த்தையைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்து மாதம் பொறுத்துவிட்டேன். கருவிக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்த கார்ட்டூனை ஐந்து நிமிடம் பார்க்கலாம், ஐந்து நிமிடம் போட்டால் போதும் என்றேன். கருவியைப் போடாமல், சத்தமே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள். கணவர் தன் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடனமாடிக் காட்டினார். பொம்மைக்குக் கடதாசியில் கருவி செய்து ஒட்டினோம். அடுத்த நாள் பார்த்தால் பொம்மையின் காதிலிருந்து உரிக்கப்பட்டுக் கிடந்தது. “அவவுக்கும் கடிக்கும்” என்றாள். ஒருநாள், ஒரேயொரு நாள், கோபத்தில் அவளைப் பிடித்து வைத்துப் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்று, நான் கையை விட்டதும் கழற்றி மேசையில் வைத்தாள். மெதுவாக, உடையாமல். அதன் பிறகு நான் பிடிக்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு சொல் விளங்காவிட்டால் ‘என்னம்மா?’ என்று கேட்பாள். ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்பாள், எனக்குச் சலிப்பு வரும். இப்போது கேட்பதில்லை. என் வாயைப் பார்க்கிறாள். விளங்காவிட்டால் வேறு பக்கம் பார்க்கிறாள். போன மாதம்வரை தெளிவாகச் சொன்ன ‘சீனி’ இப்போது ‘ஈனி’யாகிவிட்டது. எனக்கு மட்டும் அப்படிக் கேட்கிறதோ என்று கணவரிடம் கேட்டேன். “எனக்கும் அப்பிடித்தான் கேக்குது” என்றார்.

அவர் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, “நீர் நல்லதுக்குத்தான் செய்தனீர்” என்றார். ஒரு துவாயை மடித்து வைத்துவிட்டு, “எண்டாலும் எல்லாத்தையும் கேக்க வைக்கோணும் எண்டு ஆர் சொன்னது உமக்கு?” என்றார். பிறகு மடித்த துவாயையே திரும்பவும் மடித்தார்.

நடன வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் இந்தியத் தமிழர் ஒருவர் இருக்கிறார், டுசல்டோர்ஃபில் எஞ்சினியர். நடந்ததை நான் சொல்லக் கேட்டு மிகுந்த கவலையோடு சொன்னார்: “லேப்டாப்ல ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் கேபிள் போட்டிருந்தா போதுமேங்க. டான்ஸ் சாங் மட்டும் க்ளீனா போயிருக்கும். ஹால் வால்யூமுக்கும் அதுக்கும் கனெக்‌ஷனே இல்ல.”

சரிதான். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. பாட்டு மட்டும் போதும் என்றால் அப்படிச் செய்திருப்பேன். எனக்குப் பாட்டு மட்டும் போதவில்லை. விருந்தினரின் பகிடியும் வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததா? அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கணம் பிந்திச் சிரிப்பது அவளை வருத்தியதாக எனக்கு ஓர் அடையாளமும் நினைவில்லை. வருந்தியது நான்.

அண்ணைக்கு இன்னும் தெரியாது. தை மாதம் பள்ளிக்கூட வாசலில் கண்டபோது கேட்டார்: “பிள்ளை, மகள் அண்டைக்கு ஏன் அப்பிடி அழுதவ? மேடைப் பயமோ?”

“ஓம் அண்ணை. பயந்திட்டா.”

“சின்னப் பிள்ளைதானே. அடுத்த முறை உங்கட பெட்டியை நானே வடிவாப் பூட்டி விடுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதைங்கோ.”

சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அடுத்த விழாவில் இன்னொரு பிள்ளைக்கு நடக்கலாம். இரண்டையும் யோசித்துவிட்டு, சுகம் விசாரித்துவிட்டு வந்தேன்.

இப்போது பாடசாலைச் சேர்ப்பு வந்துவிட்டது. சேர்ப்பதற்கு முந்திய பரிசோதனையில் வைத்தியப் பெண்மணி மகளிடம் பத்துச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கருவி இல்லாமல், அவருடைய வாயைப் பார்த்து, நாலைச் சொன்னாள். அவர் பேனையை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: கருவி போட்டால் எங்கள் வீதியிலுள்ள சாதாரணப் பாடசாலைக்கு அவள் போகலாம், அவளுடைய கிண்டர்கார்டன் தோழிகள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். போடாவிட்டால் அங்கே அவளுக்கு வகுப்பில் ஒன்றும் விளங்காது, செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான வேறு பாடசாலை பார்க்க வேண்டும், அது பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தப் பாடசாலை கூடாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் பிள்ளைகள் கருவி போட்டுத்தான் படிக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு முதல் இன்னொரு டெர்மின் தந்திருக்கிறார். அதுதான் கடைசி.

நான் இதை எழுதுவது மனப்பாரம் இறக்குவதற்காக அல்ல. எழுதியும் இறங்கவில்லை. இதை வாசிப்பவர்களில் கருவி போடும் பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இருப்பீர்கள். நீங்களே சிறுவயதில் கருவி போட்டு, ஒருநாள் வெறுத்துக் கழற்றியவராகவும் இருக்கலாம். அப்படியானவர்கள் சொல்லுங்கள், திரும்ப எப்படிப் போட்டீர்கள்? யாராவது வற்புறுத்தினார்களா, விட்டுவிட்டார்களா? எத்தனை நாள் விட்டார்கள்? நான் இன்னும் பொறுக்க வேண்டுமா, அல்லது பொறுமை என்ற பெயரில் அன்று போலவே கதிரையில் இருந்துகொண்டிருக்கிறேனா? என் கையால் போட்டால் மாட்டாள் என்றால் வேறு யாருடைய கையால் போடுவிப்பது? ஆறு வயதுப் பிள்ளையிடம், அது உன் கருவியின் பிழையில்லை, அம்மாவின் பிழை என்று சொல்லலாமா? சொன்னால் கருவியை நம்புவாளா, என்னையும் நம்பாமல் விடுவாளா?

வைத்தியர்கள் சொன்னவற்றை எல்லாம் செய்துவிட்டேன். உங்கள் வீட்டில் உண்மையில் நடந்ததை எழுதுங்கள், சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள். டெர்மினுக்கு இன்னும் பதினொரு கிழமை இருக்கிறது.